சாயத்தைக் கெடுத்தது எது?

அருப்புக்கோட்டைத் தறியில் நெய்த சேலையை முதன்முதலாக நனைக்கும்போது, சாயம் ஓடிவிடுமோ என்று உங்கள் மனம் பதைக்கும் அல்லவா? நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவருக்கோ வேறு கவலை. தண்ணீரில் இரும்போ செம்போ சிறிது கலந்திருந்தாலும் சில சாயங்கள் களை இழந்துவிடும். மழை அரிதான அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் கிடைத்த தண்ணீர்தானே கதி!

கெடுத்தது இரும்பா, செம்பா? ஒரு துண்டுக் காகிதம் சொல்லிவிடும். 1944-ல் இங்கிலாந்தில் மார்ட்டின் முதலியோர் வகுத்த வழி இது.

தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி, மிஞ்சிய உப்பை அமிலத்தில் கரைக்கிறார்கள். வடிதாளின் அடியில் பென்ஸிலால் ஒரு கோடு. மையால் கிழித்தால் மையே ஓடிவிடும்! கோட்டின்மேல் கடுகளவு பொட்டு. அது உலர்ந்ததும், அமிலம் கலந்த அஸிடோனில் தாளின் நுனி மட்டும் நனையும்படி நிறுத்தி, ஜாடியை மூடுகிறார்கள். பொட்டு மூழ்கினால் காரியம் கெட்டது.

திரவம் ஏற ஏற இரும்பு முந்துகிறது, செம்பு பின்தங்குகிறது. பிறகு அம்மோனியா ஆவியில் காட்டினால் இரும்பு துரு நிறமாகவும், செம்பு நீலமாகவும் தெரியும்.

அஸிடோன் சட்டென்று தீப்பற்றும். அடுப்பங்கரையில் வேண்டவே வேண்டாம். குழந்தைகளுக்குக் காட்ட, கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பொட்டும், தம்ளரில் கொஞ்சம் தண்ணீரும் போதும். கறுப்புக்குள் எத்தனை நிறங்கள் ஒளிந்திருக்கின்றன, பாருங்கள்!