சுவரில் தொங்கும் தாத்தா யார்?
பழைய போட்டோக்களைக் காப்பாற்றுங்கள்!

கமுதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவரைப் பாருங்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட படம் ஒன்று தொங்கும். அதில் தலைப்பாகையுடன் ஒருவர் விறைப்பாக உட்கார்ந்து இருப்பார்.

"இவர் யார்?" என்று கேட்டால், "தெரியவில்லையே! தாத்தா காலத்துப் படம்" என்று பதில் வரும்.

அவர் முகத்தில் ஏன் சிரிப்பு இல்லை? அதற்கு ஒரு கதை உண்டு.

வெள்ளித் தகடு

1839-ம் ஆண்டு, பாரிஸ் நகரில் டாகேர் என்பவரின் போட்டோ முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் படம் விழும். பாதரச ஆவி பட்டால்தான் உருவம் தெரியும். ஒரு தகட்டுக்கு ஒரே படம்!

1851-ல் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் கண்ணாடித் தகட்டைக் கொண்டு வந்தார். அதில் மருந்து பூசி, காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். அதில் இருந்து எத்தனை பிரதியும் போடலாம்.

பிரதி போடும் காகிதத்தில் பூசியது என்ன தெரியுமா? கோழி முட்டையின் வெள்ளைக் கரு!

படம் விழச் சில விநாடிகள் ஆகும். தலை ஆடினால் முகம் கலைந்துவிடும். ஆடாமல் இருக்கப் பின்னால் இரும்புக் கவை வைப்பார்கள். சிரிப்பு எங்கே வரும்?

பிறகு நொடியில் படம் விழும் தகடுகள் வந்தன. விறைப்பாக உட்காரும் பழக்கம் மட்டும் போகவில்லை!

கடைசிப் படம்

"போட்டோ எடுத்தால் ஆயுள் குறையும்" என்று பயந்தவர்கள் நம் நாட்டில் உண்டு. அப்படிப்பட்ட சிலருக்கு இறந்த பிறகே படம் எடுத்தார்கள். உடலை நாற்காலியில் சாய்த்து, மாலை போட்டு எடுத்த படம் அது. அவர்கள் முகத்துக்கு வேறு சாட்சி இல்லை. அது அழிந்தால் அழிந்ததுதான்!

தமிழ்நாட்டில் பல பழைய ஸ்டுடியோக்கள் மூடப்பட்டன. அவற்றின் கண்ணாடித் தகடுகள் குப்பைக்குப் போயின. மிஞ்சிய ஸ்டுடியோ படங்களைத் தேடிப் பிரதி எடுத்துக் காக்கும் வேலையை, 2010-களில் புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் செய்தது. லண்டன் பிரிட்டிஷ் நூலகம் அதற்கு உதவியது.

நீங்கள் செய்ய வேண்டியது

வெயில், ஈரம், கறையான் மூன்றும் படத்துக்கு எமன். ஈரச் சுவரில் மாட்டாதீர்கள். படத்தை ஈரத் துணியால் துடைக்காதீர்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். அப்படியே செல்போனில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

முக்கியமான வேலை ஒன்று உண்டு. வீட்டுப் பெரியவர்களிடம் படத்தைக் காட்டி, பெயரும் உறவும் ஊரும் கேளுங்கள். அட்டையின் பின்புறம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும்.

படம் நூறு ஆண்டு இருக்கும். பெயர் சொல்லும் பாட்டி இருப்பாரா? இன்றைக்கே கேளுங்கள்!