கொடும்பாளூர்ப் பெருமடம்

திருமயிலையில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்துமூவர் திருவுலாவைக் காணாத அன்பர் சென்னையில் அரியர். நாயன்மார்கள் பல்லக்குகளில் மாடவீதி வலம் வர, நீர்மோரும் பானகமும் சித்திரான்னமும் தெருவெங்கும் வழங்கப்பெறும். சில ஆண்டுகட்கு முன்னர் அவ்வீதியோரத்தே நின்றிருந்த அடியேனிடம் சிறுவன் ஒருவன் ஒரு பல்லக்கைச் சுட்டி, "தாத்தா, இவர் யார்?" என்று வினவினான். "இடங்கழி நாயனார். கொடும்பாளூரை ஆண்டவர்" என்றேன். "அந்த ஊர் எங்கே இருக்கிறது?" என்றான். புதுக்கோட்டைப் பக்கம் என்று சொல்லி அனுப்பினேன். ஆயினும், முப்பத்தைந்து ஆண்டுகள் பெரியபுராணம் பாடம் சொன்ன அடியேன் அவ்வூரை ஒரு நாளேனும் கண்டதில்லை. அந்த வெட்கமே என்னைக் கொடும்பாளூருக்கு அழைத்துச் சென்றது.

இடங்கழியார் வரலாறு அன்பர்கள் அறிந்ததே. அடியார்க்கு நாள்தோறும் அமுதளித்து வந்த தொண்டர் ஒருவர், கைப்பொருள் முற்றும் தீர்ந்தபின் வேறு வழியின்றி நள்ளிரவில் அரசருடைய நெற்கொட்டாரத்துள் புகுந்து நெல்லைக் கவர்ந்தார். காவலர் பிடித்து மன்னர்முன் நிறுத்தினர். காரணம் கேட்டறிந்த இடங்கழியார், அவரன்றோ தம் பண்டாரம் என்று இரங்கி அவரை விடுவித்தார். அத்துடன் அமையாமல், சிவனடியார்கள் நெற்பண்டாரமேயன்றி நிதிப்பண்டாரத்தையும் வேண்டுமளவு முகந்து கொள்ளலாம் எனப் பறையறைவித்தார். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையிலேயே இவரைப் போற்றுதலின், இவர் அக்காலத்திற்குப் பிற்பட்டவர் அல்லர் என்பது தெளிவு.

கொடும்பாளூர் பழம்பேரூர். சிலப்பதிகாரத்தில் உறையூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழியைக் கூறுமிடத்துக் 'கொடும்பை' எனச் சுட்டப்பெறுவது இவ்வூரே. இருக்குவேளிர் என்னும் குடியினர் இதனைத் தலைநகராகக் கொண்டு ஆண்டனர். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தோர்க்குக் கொடும்பாளூர்ப் பெரிய வேளாரையும் வானதியையும் அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. அக்கதையின் பெரிய வேளாராகிய பூதி விக்கிரமகேசரி மெய்யாகவே வாழ்ந்த மன்னர். அவர் எடுப்பித்ததே இன்று 'மூவர் கோயில்' என வழங்கும் கற்றளித் தொகுதி.

என் பழைய மாணாக்கர் ஒருவர் திருச்சியில் அலுவலில் இருக்கின்றார். அவருடைய காரில் காலை வேளையில் சென்று இறங்கினோம். வயல்களுக்கும் கரட்டு நிலத்துக்கும் நடுவே, ஊர்ச் சந்தடி சற்றும் இல்லாத இடம். மேற்கு நோக்கி ஒரே வரிசையில் மூன்று கோயில்கள் இருந்தன. அவற்றுள் நடுவிலுள்ளதும் தென்புறத்ததும் விமானத்துடன் நிற்கின்றன. வடபுறத்துக் கோயிலுக்கு அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. சுற்றிலும் சிறு ஆலயங்கள் இருந்தமைக்கு அடித்தளக் கற்களே சான்று. புதுக்கோட்டை தனியரசாக இருந்த நாளில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மண்ணையும் புதரையும் அகற்றியபோது இவை வெளிப்பட்டன. விமானங்களில் அர்த்தநாரீசுவரர், கஜசம்ஹாரமூர்த்தி முதலிய திருமேனிகள் உள்ளன. அவற்றின் அழகை எழுதப் புகின் இக்கட்டுரை அதற்கே போதாது. கருவறைகளில் இன்று வழிபாடு இல்லை. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் ஆதலின், அன்பர்கள் சூடம் ஏற்றுதலும் கல்லில் எண்ணெய் பூசுதலும் கூடாது.

அடியேன் தேடிச் சென்றது கோயிலை அன்று, மடத்தை. நடுக்கோயிலின் சுவரில் கிரந்த எழுத்தில் வடமொழிக் கல்வெட்டு ஒன்று உள்ளது. தொடக்கப் பகுதி சிதைந்து போயிற்று. எஞ்சிய பகுதி இருக்குவேளிரின் வழிமுறையை உரைக்கின்றது. வாதாபியை வென்றவர் ஒருவர். அவர் மகன் சமராபிராமன். அவருக்கும் சோழர்குல இளவரசி அனுபமைக்கும் பிறந்தவர் பூதி விக்கிரமகேசரி. போர் வெற்றிகளைக் கூறியபின் கல்வெட்டு அறச்செயலுக்கு வருகின்றது. தம் பெயராலும், கற்றளி, வரகுணை என்னும் தேவியர் இருவர் பெயராலும் மூன்று விமானங்களை மன்னர் எடுப்பித்தார். பின்னர்ப் பெருமடம் ஒன்றை மதுரையைச் சேர்ந்த மல்லிகார்ச்சுனர் என்னும் குருவுக்கு அளித்தார். வித்தியாராசி, தபோராசி என்னும் ஆசிரியர்களின் மாணாக்கர் அவர். அம்மடத்தில் துறவியர் ஐம்பதின்மர் உண்பதற்காகப் பதினோரு ஊர்கள் கொடுக்கப்பெற்றன.

ஐம்பது இலைக்குப் பதினோரு ஊர்! அங்கு நின்று எண்ணியபோது ஒன்று புலப்பட்டது. முன்னொரு காலத்தில் இதே ஊரில் அடியார்க்குச் சோறிட ஒருவர் திருட நேர்ந்தது. பின்வந்த வேளிர், எவரும் இரவில் கொட்டாரம் புகவேண்டாதபடி, ஆண்டுதோறும் நெல் தானே மடத்துக்கு வந்துசேர வழிசெய்துவிட்டார். இடங்கழியார் கொடையை மனத்துட் கொண்டே இவர் இதனைச் செய்தார் என்று கல்வெட்டுக் கூறவில்லை, அடியேனும் கூறமாட்டேன். இரண்டும் ஒரே மண்ணில் நிகழ்ந்தன என்பது மட்டும் உறுதி.

இனி, அடியேன் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உண்டவர்கள் யார்? 'அசிதவக்திரர்', அதாவது கருமுகத்தர் என்கிறது கல்வெட்டு. காளாமுக சைவர் என்று நாம் அறிந்தவர் இவர்களே. பிற சமயத்தார் வாதநூல்களில் இவர்களை மண்டையோட்டில் உண்பவர், சுடலைச் சாம்பலைத் தின்பவர் என்றெல்லாம் எழுதிவைத்தனர். அதனையே அடியேனும் வகுப்பறையில் ஆண்டுதோறும் ஒப்பித்தேன். மாணாக்கர் அஞ்சுவதும் சிரிப்பதும் கண்டு மகிழ்ந்ததும் உண்டு. கல்வெட்டுகள் வேறொரு செய்தியைச் சொல்கின்றன. கன்னட நாட்டில் பள்ளிகாவே என்னும் ஊரில் கேதாரேசுவரர் கோயிலைச் சார்ந்து காளாமுகரின் கோடியமடம் இருந்தது. 1162-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அம்மடத்தை நான்கு வேதமும், பாணினீயம் முதலிய இலக்கணங்களும், ஆறு தரிசனங்களும் பயிலுமிடம் என்றும், ஏழைகள், முடவர், குருடர், செவிடர் முதலியோர்க்கு உணவளிக்குமிடம் என்றும், நோயாளர்க்கு மருத்துவம் செய்யுமிடம் என்றும் விரித்துரைக்கின்றது. டேவிட் லோரன்சன் என்னும் ஆராய்ச்சியாளர் 1972-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இக்கல்வெட்டுகளைத் தொகுத்து, காபாலிகரையும் காளாமுகரையும் பிரித்துக் காட்டினார். அந்நூல் என் கைக்கு வந்தது பணி ஓய்வுக்குப் பின்னரே. "ஐயா, நீங்கள் எங்களுக்கு அப்படிச் சொல்லவில்லையே?" என்று மாணாக்கர் அக்கல்வெட்டின் முன் நின்று கேட்டார். "தவறாகச் சொன்னேன் அப்பா" என்பதன்றி வேறு விடை என்னிடம் இல்லை.

மடம் எங்கே? இதுதான் மடம் என்று காட்டத்தக்க கட்டடம் எதுவும் அங்கே நிமிர்ந்து நிற்கவில்லை. இறைவனுக்குக் கல்லும், மாந்தர்க்குச் செங்கல்லும் மரமும் என்பதே அக்கால வழக்கு. ஊர்களின் வருவாய் நின்றபின் அத்தகைய கட்டடம் எத்தனை மழைக்குத் தாங்கும்? வளாகத்தின் வடபகுதியில் கிணறு ஒன்று உள்ளது. அடியேன் அதனருகே நெடுநேரம் அமர்ந்திருந்தேன். கோயில் எடுக்கப்பெற்ற காலம் 9-ஆம் நூற்றாண்டின் இறுதி என்பாரும், 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்பாரும் அறிஞருள் உளர். எதுவாயினும் ஆயிரம் ஆண்டுக்குக் குறையாது.

சென்னையிலும் இத்தகைய மடம் ஒன்று இருந்தது. திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என்பார் அதன் தலைவர். சோழ இளவரசர் இராசாதித்தருக்கு உற்ற நண்பராய் இருந்தும், 949-இல் தக்கோலப் போரில் அவருடன் உயிர் விட இயலாமற் போனதற்கு வருந்தித் துறவு பூண்டவர் அவர். அவருடைய மடத்தைப் பற்றியும் நாம் கல்வெட்டால் அறிகின்றோமேயன்றிக் கண்ணாற் காண்பதற்கில்லை. நம் மயிலையின் பூம்பாவைப் பதிகத்திலோ, திருஞானசம்பந்தர் முதற் பாடலிலேயே அடியார்க்கு அமுதளிக்கும் காட்சியைக் காணாது போதியோ என்று வினவுகின்றார். விழாக்களை ஓதுவது அதன் பின்னரே.

பல்லக்கைச் சுட்டிய அச்சிறுவனை அடியேன் மறுபடி மாடவீதியில் கண்டிலேன். அவன் கேட்டதற்கு விடை இதுவே: திருச்சியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். முருகப்பெருமான் கோயில் கொண்ட விராலிமலையைக் கடந்தபின் கொடும்பாளூர். அங்கே மூவர் கோயில் என்று கேட்டால் எவரும் வழி காட்டுவர். அண்மையில் முசுகுந்தேசுவரர் கோயிலும் உள்ளது. வெயில் கடுமையாதலின் காலையிலேயே சென்று சேர்தல் நலம். குடிநீரும் கட்டுச்சோறும் உடன் கொண்டு செல்க. இடங்கழியார் குருபூசை ஐப்பசித் திங்கள் கார்த்திகை நாள்.