அன்னைக்கு அனுப்பின லிங்க் எங்கே?

வேலையிடத்தில் ஒரு நாளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி எது? "சாப்பிட்டாச்சா?" என்பதற்கு அடுத்தபடியாக "அன்னைக்கு அனுப்பின லிங்க் எங்கே?" என்பதுதான் என்பேன். எங்கள் வானொலி நிலையத்தில் அது முதலிடத்தையே பிடித்திருந்தது.

எங்கள் காலை நிகழ்ச்சி ஆறு மணிக்குத் தொடங்கும். ஐந்து மணிக்கே மூன்று பேர் அறையில் இருப்போம். உள்ளூர்ச் செய்தி, வானிலை, புதிதாக வெளிவந்த பாடல், நேயர்களோடு பேச ஒரு தலைப்பு என எல்லாம் அந்த ஒரு மணி நேரத்திற்குள் கைக்கு வந்தாக வேண்டும். பல ஆண்டுகளாக இவை வந்து சேர்ந்த இடம் வாட்ஸ்அப் குழு. ஒரே செய்தியை நான்கு பேர் நான்கு இடங்களிலிருந்து அனுப்புவார்கள். நடுவில் யாருக்காவது பிறந்தநாள் வந்துவிடும். வாழ்த்துப் படங்களுக்கு அடியில், சனிக்கிழமை நிகழ்ச்சிக்கென்று எடுத்துவைத்த பேட்டி புதைந்துபோகும். "மேலே தள்ளிப் பாருங்கக்கா" என்பார் புதிதாகச் சேர்ந்த தம்பி. எவ்வளவு மேலே என்றுதான் யாருக்கும் தெரியாது.

நாங்கள் பிடித்துக்கொண்ட வழி புதிதல்ல. ஆர்எஸ்எஸ் என்ற பெயரை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். சில இணையத்தளங்களின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில், வானொலி அலை பரவுவது போன்ற ஒரு சிறு சின்னம் இருக்குமே, அதுதான். தமிழில் இதற்குச் 'செய்தியோடை' என்று பெயர். ஆங்கிலப் பெயரைவிட எனக்கு இதுவே பிடிக்கும்.

விஷயம் எளிமையானது. ஒரு தளம் புதிதாக எதையாவது வெளியிட்டதும் அதன் தலைப்பு, தேதி, சுருக்கம், முகவரி ஆகியவற்றை ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. அந்தக் கோப்புதான் ஓடை. உங்களிடம் இருக்கும் படிப்பான் செயலி அதை அவ்வப்போது எட்டிப் பார்த்து, புதியது இருந்தால் கொண்டுவந்து தரும். நாற்பது தளங்களுக்கு நாற்பது முறை போய் வரத் தேவையில்லை. எதை முதலில் காட்டுவது, எதை மறைப்பது என்று சமூக ஊடகங்களைப் போல இது உங்களுக்காக முடிவெடுப்பதும் இல்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த தளங்கள் மட்டும், வெளியான வரிசையில் வரும்.

1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இதன் முதல் வடிவத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் ராமநாதன் குஹா, சென்னை ஐஐடியில் படித்தவர். தமிழ் இணையத்தோடும் இதற்கு நெருங்கிய உறவு உண்டு. வலைப்பூக்கள் செழித்த நாள்களில், 2004இல் தொடங்கிய 'தமிழ்மணம்' திரட்டி இந்த ஓடைகளை வைத்துத்தான் ஓடியது. உலகின் எந்த மூலையில் இருந்து ஒருவர் தமிழில் எழுதினாலும் அது ஒரே பக்கத்தில் வந்து நிற்கும். நான் ஊடகத்துறை மாணவியாக இருந்தபோது விரிவுரைக்கு நடுவே அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருப்பேன். 2013 ஜூலை 1ஆம் தேதி கூகல் ரீடர் மூடப்பட்டபோது, ஓடை வற்றிவிட்டது என்றே பலரும் முடிவு கட்டினார்கள். வற்றவில்லை. நீங்கள் ரயிலில் கேட்டுக்கொண்டு போகும் பாட்காஸ்ட் ஒவ்வொரு வாரமும் தானாக உங்கள் கைப்பேசிக்கு வருகிறதே, பெரும்பாலும் அதைக் கொண்டுவருவதும் இதே ஓடைதான்.

சரி, எங்கள் நிலையத்துக்கு வருகிறேன். இதை நாங்கள் தொடங்கக் காரணம் தொழில்நுட்ப ஆர்வம் அல்ல, ஒருவர் ஓய்வுபெறப் போனதுதான். எங்கள் மூத்த தயாரிப்பாளர் அண்ணனிடம் ஒரு குறிப்பேடு உண்டு. எந்தச் சங்கம் எப்போது அறிவிப்பு விடும், எந்தத் தளத்தில் இசை வெளியீடுகளின் விவரம் சரியாக இருக்கும், உடல்நலத் தகவலுக்கு யாரை நம்பலாம் என்பதெல்லாம் அதிலும் அவர் தலையிலும்தான் இருந்தன. அவர் போனால் அதுவும் கூடவே போய்விடும். விடைபெறுவதற்கு முந்தைய மாதம், இரண்டு மதிய வேளைகள் அவரோடு உட்கார்ந்து அந்தக் குறிப்பேட்டை வரிவரியாக ஓடைகளாக மாற்றினோம்.

இலவசக் கணக்கு தரும் ஃபீட்லி, இனோரீடர் போன்ற படிப்பான்களில் தளத்தின் முகவரியை இட்டாலே பெரும்பாலும் ஓடையை அதுவே கண்டுபிடித்துவிடும். சிஎன்ஏ, பிபிசி தமிழ் ஆகியவற்றுக்கு ஓடைகள் உண்டு. யூடியூப் ஒளிவழிகளுக்கும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கூகல் அலர்ட்ஸில் ஒரு சொல்லைக் கொடுத்து, முடிவுகளை மின்னஞ்சலுக்குப் பதிலாக ஓடையாகவே பெறலாம். "தமிழ் நாடகம் சிங்கப்பூர்" என்று நாங்கள் போட்டுவைத்தது இப்போதும் வேலை செய்கிறது.

திரட்டுவது பாதி வேலைதான். பகிர்வதில்தான் பிடிவாதம் வேண்டும். படிப்பான் கொண்டுவரும் நூறு தலைப்புகளையும் எல்லாருக்கும் திருப்பிவிட்டால், வாட்ஸ்அப் குழுவுக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது. அதனால் வாரம் ஒருவர் வாசிக்கும் பொறுப்பை ஏற்கிறோம். அவர் தேர்ந்தெடுப்பவை மட்டுமே பொதுப் பலகைக்குப் போகும். ஒவ்வொன்றோடும் ஒரு வரி எழுத வேண்டும்: யாருக்கு, எதற்காக. "புதன் மாலை நிகழ்ச்சி, பெற்றோர் பகுதிக்கு" என்பதுபோல. அந்த ஒரு வரி இல்லாமல் வரும் இணைப்பை யாரும் திறக்கத் தேவையில்லை என்பது எங்கள் சட்டம். முதல் இரண்டு வாரம் முணுமுணுப்பு இருந்தது. பிறகு அந்த வரிக்காகவே பலகையைத் திறக்க ஆரம்பித்தார்கள்.

இதன் அருமை ஓர் இரவில் தெரிந்தது. ஒரு மூத்த பாடகர் காலமாகிவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் அடுத்தடுத்து ஏழெட்டுச் செய்திகள். படம், மாலை, மெழுகுவத்தி எல்லாம் உண்டு. நேரலையில் இருந்த தம்பி அவருடைய பாடல்களை வரிசைப்படுத்தத் தொடங்கிவிட்டார். பொறுப்பில் இருந்த சக ஊழியர் ஓடைப் பக்கத்தைத் திறந்தார். நாங்கள் நம்பும் செய்தி நிறுவனங்கள் ஒன்றில்கூட அது இல்லை. "இரு தம்பி, இப்போ ஒண்ணும் சொல்லாதே" என்றார். அரை மணி நேரம் வழக்கமான பாடல்களே ஒலித்தன. பாடகர் நலமாக இருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. ஓடையில் வராதது எல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. உண்மைச் செய்தியும் தாமதமாக வரலாம். ஆனால் யாரிடம் விசாரிக்க வேண்டும் என்ற பட்டியல் ஒரே பக்கத்தில் இருந்ததால், அந்தப் பரபரப்பில் ஒருவருக்கு நிதானம் கிடைத்தது. அன்று அறிவித்திருந்தால் அந்தக் குடும்பத்தின் காதிலும் அது விழுந்திருக்கும்.

வானொலிக்கு மட்டும் உரிய வசதி இல்லை இது. தொடக்கப்பள்ளியில் கற்பிக்கும் என் தோழி கல்வித் தளங்களைத் திரட்டித் தன் துறை ஆசிரியர்களுக்கு வாரந்தோறும் ஐந்து கட்டுரைகள் அனுப்புகிறார். ஸ்லாக் பயன்படுத்தும் அலுவலகங்களில் ஓடையை நேராகவே ஒரு குழுவுக்குள் விடலாம். ஆனால் ஒன்றில் கவனம் தேவை. நிறுவனத்தின் உள் தளங்களுக்கும் ஓடை இருக்கும். அதன் முகவரியை வெளியாரின் படிப்பானில் போட்டால், உள்வீட்டுத் தகவல் வேறு யாருடைய கணினியிலோ போய்க் கிடக்கும். முதலில் தகவல் தொழில்நுட்பப் பிரிவைக் கேட்டுவிடுங்கள். இன்னொன்று, இணைப்பைப் பகிருங்கள். முழுக் கட்டுரையையும் வெட்டி ஒட்டாதீர்கள். எழுதியவருக்கும் வாசகர் வேண்டாமா?

குறைகளும் உண்டு. சில தளங்கள் தலைப்பை மட்டும் தந்துவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. சமூக அமைப்புகள் பலவும் இப்போது ஃபேஸ்புக்கோடு சரி. அங்கிருந்து ஓடை கிடையாது. அண்ணனின் குறிப்பேட்டில் இருந்தவற்றில் கால்வாசியை அதனால்தான் சேர்க்க முடியவில்லை. அவற்றைச் செவ்வாய்க்கிழமைதோறும் ஒருவர் கையாலேயே தேடிப் பார்க்கிறோம், சிலவற்றுக்குத் தொலைபேசியிலும் அழைக்கிறோம்.

படிப்பானில் உள்ள மொத்தப் பட்டியலையும் ஓபிஎம்எல் என்ற ஒரே கோப்பாக இறக்கி யாருக்கும் அனுப்பலாம், அவர்கள் தங்கள் படிப்பானில் ஏற்றிக்கொள்ளலாம். எங்கள் நிலையத்தில் புதிதாகச் சேருபவருக்கு நுழைவு அட்டையோடு இந்தக் கோப்பும் கிடைக்கிறது. ஓய்வுபெற்ற அண்ணனும் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். போன வாரம் அழைத்து, "நாடகத்துக்கு ரெண்டு தளம் விட்டுப்போச்சும்மா, எழுதிக்கிறியா?" என்றார்.