எல்பிடபிள்யூ தெரியாத ரசிகை

எங்க ஊர் பேரு எப்போதும்வென்றான். வெளியூர்ல சொன்னா முதல்ல சிரிப்பாங்க. மழை தப்பினா பருத்தியும் உளுந்தும் கைவிட்டுடுற கரிசல் காட்டுக்கு இப்படி ஒரு பேரு. ஆனா இந்தக் குறிப்பு வெற்றியைப் பார்த்து ரசிகரானவங்களைப் பத்தினது இல்ல. மைதானத்துக்கு வெளியே ஒரு வீரர் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து, அதன் வழியாக விளையாட்டுக்குள் வந்தவர்களைப் பற்றியது. இவர்களை யாரும் ரசிகர் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்கணும் என்பது என் கட்சி.

என் அத்தை அப்படி ஒரு ரசிகை. எல்பிடபிள்யூ என்றால் என்னவென்று இன்று வரைக்கும் தெரியாது. மேட்ச் ஓடினால் ஒரே கேள்விதான்: "எய்யா, அந்தச் சேலத்துப் பய இன்னைக்கி ஆடுதானா?" இல்லை என்றால் சீரியல். வீட்டுப் பையன்களுக்கு இது பெரிய கேலி. ஆட்டம் தெரியாம என்ன ரசிகைன்னு கேட்பானுக. (இந்தக் கேள்வி ஆம்பளைகளிடம் கேட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. அவர்களிலும் பாதிப் பேருக்கு டக்வொர்த் லூயிஸ் தெரியாது.)

சாதாரணமா ஒருத்தர் எப்படி ரசிகராகிறார் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு இருக்கு. 1976ல் ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவர் கூட்டாளிகளும் அமெரிக்காவில் ஏழு பல்கலைக்கழகங்களில் செய்தது. சனிக்கிழமை தங்கள் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி ஜெயித்திருந்தால், திங்கட்கிழமை கல்லூரிப் பெயர் போட்ட சட்டையை அதிகம் பேர் மாட்டிக்கொண்டு வந்தார்கள். பேசும்போதும், ஜெயித்த ஆட்டத்துக்கு "நாங்க ஜெயிச்சோம்", தோற்ற ஆட்டத்துக்கு "அவங்க தோத்துட்டாங்க". நம்ம டீக்கடைக்கும் அப்படியே பொருந்தும். அடுத்தவன் வெளிச்சத்தில் குளிர்காய்கிற இந்த ரசனை வெற்றி இருக்கிற வரைதான் நிற்கும்.

அத்தை வகை வேறு. அதற்கும் ஆய்வு உண்டு. 2009ல் சாரா அல்கோவும் ஜோனதன் ஹைட்டும் எழுதிய கட்டுரை இரண்டு உணர்ச்சிகளைப் பிரித்துக் காட்டுகிறது. ஒருவரின் திறமையைக் கண்டால் வருவது வியப்பு; அது நாமும் நம் வேலையில் நன்றாகச் செய்யணும் என்று தூண்டும். ஒருவரின் நல்ல குணத்தைக் கண்டால் வருவது வேறு, நெஞ்சில் ஒரு சூடு பரவுகிற மாதிரி. அது பிறருக்கு ஏதாவது செய்யணும் என்று தூண்டும். முதலாவதுக்கு ஆட்டம் தெரிந்திருக்கணும். யார்க்கர் எவ்வளவு கஷ்டம் என்று தெரியாதவருக்கு யார்க்கர் வெறும் பந்துதான். இரண்டாவதுக்கு விதிப் புத்தகம் வேண்டாம், மனுசங்களைத் தெரிந்தால் போதும். அதில் அத்தைக்கு அறுபது வருஷப் பயிற்சி.

2020 டிசம்பர். நெட் பவுலராக ஆஸ்திரேலியா போன சின்னப்பம்பட்டி நடராஜன், 2ஆம் தேதி கான்பெராவில் முதல் ஒருநாள் ஆட்டம் ஆடினார். மகள் பிறந்திருந்தாள், முகம்கூடப் பார்க்காமல் போயிருந்தார். டி20 தொடர் முடிந்ததும் தொடர் நாயகன் கோப்பையை வாங்கிய ஹர்திக் பாண்டியா அதை நடராஜன் கையில் கொடுத்தார். இந்தப் படம்தான் அத்தையைப் பிடித்தது. "தனக்குக் கிடைச்சத தூக்கிக் குடுத்தாம் பாத்தியா. குடுத்தவனும் நல்ல பய, வாங்கினவனும் நல்ல பய." ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட் ஜெயித்தபிறகு ரஹானேவும் தொடர் கோப்பையை அவர் கையில்தான் கொடுத்தார்.

இதோடு நின்றிருந்தால் நல்ல போட்டோ என்று விட்டிருக்கலாம். நடராஜனின் கதை கொடுக்கல் வாங்கலாகவே ஓடுகிறது. டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தவரைச் சென்னை லீக் வரை கூட்டிப்போனவர் அதே ஊர் ஜெயப்பிரகாஷ். பிறகு இருவரும் சேர்ந்து ஊர்ப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். 2019ல் டிஎன்பிஎல் கோப்பையை வென்ற சேப்பாக் அணியில் பந்து வீசிய ஜி. பெரியசாமியும் அந்த ஊர்தான். 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியில் நடராஜன் அமைத்த மைதானத்தைத் தினேஷ் கார்த்திக் திறந்து வைத்தார்.

தேதியைக் கவனியுங்கள். நடராஜன் இந்தியாவுக்கு ஆடிய கடைசி ஒருநாள் 2021 மார்ச் 28, புனே. கடைசி ஓவரில் சாம் கரனுக்கு எதிராக 14 ரன்னைக் காப்பாற்றினார், இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது. அதன்பின் முழங்கால் அறுவை சிகிச்சை. "நாங்க" சொன்ன கூட்டம் கலைஞ்சு போச்சு. மைதானம் வந்தது அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு. அத்தை இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க.

இதெல்லாம் விளம்பரம் இல்லையா என்ற சந்தேகம் நியாயமானதுதான். வீரர்களின் நல்ல காரியங்களுக்கென்றே படம் பிடிக்க ஆள் வைத்திருக்கிற காலம். நான் பார்ப்பது ரெண்டு விஷயம்: செலவு யாருடையது, கேமரா போனபிறகும் தொடர்ந்ததா.

அப்படிப் பார்த்தால் என் கணக்கில் முதல் ஆள் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி. பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள். தமிழக அரசு கொடுத்த 15 லட்ச ரூபாயை, வறுமையிலிருந்த அவர், ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுப்பதில் செலவழித்தார். பின்னாளில் செங்கல் சூளை வேலைக்குப் போக வேண்டியிருந்தது. குளிர்காய இங்கே வெற்றியின் வெளிச்சமே கிடையாது. இருந்தும் அவருக்கு ரசிகர்கள் உண்டு. அதில் நானும் ஒருத்தன்.

இந்த வகை ரசனைக்கு ஒரு விலையும் இருக்கு. குணத்தைப் பார்த்து சேர்ந்தவர் குணத்தாலேயே உடைந்துபோவார். முரளிதரன் 2004 சுனாமிக்குப் பிறகு லாரிகளில் நிவாரணம் கொண்டுபோனவர். சீனிகமவில் வீடு கட்டும் பணியில் நின்றவர். போருக்குப் பின், 2012ல், அவர் பெயரில் வடக்கில் தொடங்கிய கோப்பைப் போட்டி வடக்கு தெற்குப் பிள்ளைகளை ஒரே மைதானத்துக்குக் கொண்டுவந்தது. அதே முரளி 2019 அதிபர் தேர்தலில் கோத்தபய ராஜபக்சவை ஆதரித்தார். அவர் கதையைச் சொல்லும் '800' படத்துக்கு 2020ல் இங்கே எதிர்ப்பு கிளம்பி, விஜய் சேதுபதி விலகினார். விக்கெட்டுக்காக ரசித்தவருக்கு இதில் சிக்கல் இல்லை, 800 விக்கெட் 800 விக்கெட்தான். அந்த நிவாரண லாரிகளுக்காக நேசித்தவரின் பாடுதான் கஷ்டம். லாரிகளும் நிஜம், மேடையும் நிஜம். ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்க எனக்கு வரவில்லை.

பக்கத்தில் கோவில்பட்டியில் இந்தச் சிக்கல் குறைவு. அது ஹாக்கி ஊர். 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரனும், அங்குள்ள விடுதியில் பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தியும் இருந்தார்கள். அங்கே வீரரைத் தெரிந்துகொள்ள டிவி தேவையில்லை. சின்னப் பையன் கையில் ஸ்டிக்கைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லித்தருகிற அண்ணன் யார், திட்டுகிறவர் யார் என்று வேலிக்கு வெளியே நிற்கிறவருக்கே தெரியும். டர்ஃப் மைதானத்தில் பயிற்சி பார்க்க அத்தையைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கேன். எட்டயபுரம் போய் பஸ் மாறணும்.