யாருடைய தரையில் ஆடுகிறோம்?

1976இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் ஃபில் ராக்ஸ்டேல் என்பவர் ரோடியோ என்னும் கவ்பாய் வீர விளையாட்டுப் போட்டி ஒன்றை நடத்தக் கிளம்பினார். ஊரிலுள்ள முதியவர்களுக்கு நன்றி நவிலல் நாள் விருந்து போடப் பணம் திரட்டுவது நோக்கம். கவ்பாய் என்றாலே ஆண்மையின் உச்சம் என்று நினைக்கும் நாட்டில், தன்பாலீர்ப்பாளர்களும் கயிறு வீசுவார்கள், காளை ஏறுவார்கள் என்று காட்டும் ஆசையும் அவருக்கு இருந்தது. கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகத்தின் கண்காட்சித் திடல் கிடைத்துவிட்டது. கிடைக்காதது மாடு. இன்னாருக்கு என்று தெரிந்ததும் பண்ணைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கையை விரித்தார்கள். கடைசி நேரத்தில் ஐந்து பசு, பத்துக் கன்று, ஒரு பன்றி, ஒரு மட்டக்குதிரை ஆகியவற்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்துப் போட்டியை நடத்தினார்.

இப்படித் தொடங்கியதுதான் ‘கே ரோடியோ’. 1985இல் டெக்சஸ், கொலராடோ, கலிஃபோர்னியா, அரிசோனா சங்கங்கள் சேர்ந்து சர்வதேச கே ரோடியோ சங்கத்தை அமைத்தன. இங்கே எல்லாப் போட்டிகளிலும் ஆணும் பெண்ணும் கலந்துகொள்ளலாம். துள்ளும் காளையின் மேல் சில நொடி தாக்குப்பிடிக்கும் பழைய வீர விளையாட்டோடு, ஆட்டைப் பிடித்து அதற்கு உள்ளாடை மாட்டிவிடும் போட்டியும் உண்டு. பொழுது சாய்ந்ததும் நடனம் ஆரம்பமாகும். கண்ட்ரி இசைக்கு டூ ஸ்டெப், வால்ட்ஸ், வரிசையாக நின்று ஆடும் லைன் டான்ஸ். பால்புதுமையினரின் கண்ட்ரி நடனக் குழுக்களுக்கென்று 1993 முதல் தனிச் சர்வதேசச் சங்கமே இருக்கிறது. ரோடியோ நடக்கும் வாரயிறுதியிலேயே ஒரு ஹோட்டல் அரங்கைப் பிடித்து மூன்று நாள் நடன விழா வைப்பது குழுக்களுக்குப் பிடித்த வழி. ஊருக்குக் கூட்டம் எப்படியும் வரும், விழாவுக்குத் தனியாக ஆள் சேர்க்க வேண்டியதில்லை.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. ரோடியோவும் நடனமும் ஒரே விழா மாதிரித் தோன்றினாலும் சட்டத்தின் கண்ணில் அவை இரண்டு வெவ்வேறு இடங்கள். ரோடியோ பெரும்பாலும் ஊருக்கு வெளியே, கவுண்டி நிர்வாகத்தின் திடலில் நடக்கும். நடனம் ஊருக்குள், தனியார் ஹோட்டலில். எந்தத் தரையில் நிற்கிறோமோ அதைப் பொறுத்தே நம் உரிமை மாறும். ஏற்பாட்டாளர்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை.

தரை அரசாங்கத்துடையது என்றால் துணைக்கு அரசியலமைப்புச் சட்டம் இருக்கிறது. 1975இல் ஒரு வழக்கு. டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகராட்சி, தன் அரங்கில் ‘ஹேர்’ என்ற இசை நாடகத்தைப் போட அனுமதி மறுத்தது. உள்ளடக்கம் பிடிக்கவில்லை என்பதே காரணம். முறையான பாதுகாப்பு நடைமுறைகள் இல்லாமல் அப்படி முன்கூட்டியே கதவடைப்பது கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்றது உச்ச நீதிமன்றம். 1992இல் இன்னொன்று. ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்சைத் கவுண்டியில், ஊர்வலத்துக்கு எதிர்ப்பு எவ்வளவு கிளம்பும், காவலுக்கு எவ்வளவு செலவாகும் என்று மதிப்பிட்டு அதிகாரியே அனுமதிக் கட்டணத்தை ஏற்றலாம் என்று விதி இருந்தது. எதிர்ப்பவர்களின் கோபத்துக்குப் பேசுபவரிடம் விலை வாங்கக் கூடாது என்று நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளியது. வழக்கில் வென்றது ஒரு வெள்ளை இனவாத அமைப்பு. பலனைப் பால்புதுமையினரும் அனுபவிக்கலாம். ‘உங்கள் நிகழ்ச்சிக்கு எதிர்ப்பு வரும், அதனால் கூடுதல் போலீஸ் கட்டணம் கட்டுங்கள்’ என்று கவுண்டி அலுவலகம் சொன்னால், மற்ற ரோடியோக்களுக்கும் அதே அளவுகோல்தானா என்று எழுத்தில் கேளுங்கள். கேள்வி எழுத்தில் போனாலே தொகை குறைய வாய்ப்பு உண்டு.

தனியார் தரையில் அரசியலமைப்புச் சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. மத்திய அரசின் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் ஹோட்டல், உணவகம், பொழுதுபோக்கு இடம் போன்றவற்றில் இனம், நிறம், மதம், பிறப்பிடம் ஆகிய நான்கை வைத்துப் பாகுபாடு காட்டத் தடை விதிக்கிறது. பாலினமே அந்தப் பட்டியலில் இல்லை என்பது நிறையப் பேருக்கு வியப்பாக இருக்கும். 2020இல் உச்ச நீதிமன்றம் பால்புதுமையினருக்குச் சாதகமாகத் தந்த பாஸ்டாக் தீர்ப்பு வேலைவாய்ப்பு பற்றியது, அரங்க வாடகைக்கு அது உதவாது. ஆக, மிஞ்சுவது மாநிலச் சட்டம்தான்.

கொலராடோவை எடுத்துக்கொள்ளுங்கள். டென்வர் பக்கம் ஜூலை வாக்கில் நடக்கும் கே ரோடியோ பழம்பெருமை உள்ளது. அதே கொலராடோதான் 1992இல், தன்பாலீர்ப்பாளர்களுக்கு எந்தப் பாகுபாட்டுத் தடைச் சட்டமும் பாதுகாப்புத் தரக் கூடாது என்று வாக்களித்துத் தன் அரசியலமைப்பையே திருத்தியது. ஒரு பிரிவினர் மீதான வெறுப்பை அரசின் நோக்கமாக ஏற்க முடியாது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. 2008 முதல் அங்கே ஹோட்டலோ அரங்கமோ பாலீர்ப்பைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. ஆனால் 2023இல், அதே மாநிலத்து இணையதள வடிவமைப்பாளர் ஒருவர் தொடுத்த வழக்கில் ஒரு விலக்கு பிறந்தது. தன் நம்பிக்கைக்கு மாறான கருத்தைத் தன் படைப்பின் வழியே சொல்லும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதே தீர்ப்பு. விழாவுக்கு போஸ்டர் வடிவமைப்பவர் வேண்டுமானால் இதைக் காட்டி விலகப் பார்க்கலாம். அறை கொடுப்பவர், வைக்கோல் கொண்டுவருபவர், நடமாடும் கழிப்பறை வைப்பவர் எல்லாம் இதன் பின்னால் ஒளிய முடியாது.

டெக்சஸ் போனால் கதை வேறு. அங்கே மாநிலம் முழுமைக்குமான பாதுகாப்புச் சட்டம் இல்லை. டல்லஸ், ஆஸ்டின் போன்ற நகரங்களின் விதிகள் உண்டு. ஹூஸ்டன் கொண்டுவந்த விதியை 2015இல் வாக்காளர்களே தூக்கி எறிந்தார்கள். நகர விதி நகர எல்லையோடு நின்றுவிடும். டல்லஸ் ஹோட்டலில் ஆடும்போது கிடைக்கும் பாதுகாப்பு, ஊர் எல்லை தாண்டிய தனியார் பண்ணையில் கிடையாது. இடம் தேடும்போதே அது நகர எல்லைக்குள் வருகிறதா என்று வரைபடத்தில் பார்த்துவிடுவது நல்லது.

டிராக் கலைஞர்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எதிர்பாலின வேடமிட்டு மேடையேறி நிதி திரட்டுவது கே ரோடியோவின் பிறவிக்குணம். பட்டம் சூட்டும் போட்டிகளே அதற்கு உண்டு. 2023இல் டென்னசியும் டெக்சஸும் இத்தகைய நிகழ்ச்சிகளைக் குறிவைத்துச் சட்டம் போட்டன. இரண்டும் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கின. கீழ் நீதிமன்றம் சொன்னது மேலே போனதும் மாறியது. போன ஆண்டுச் செய்தியை நம்பாமல், நிகழ்ச்சிக்குச் சில வாரம் முன்பு உள்ளூர் வழக்கறிஞரிடம் அன்றைய நிலவரத்தைக் கேளுங்கள்.

ரீனோவில் 1976இல் மாடு கிடைக்காமல் போனது சின்னச் சறுக்கல்தான். பெரிய அடி 1988இல் விழுந்தது. சர்வதேச கே ரோடியோ சங்கத்தின் இறுதிப் போட்டி அந்த ஆண்டு நெவாடாவில் நடப்பதாக இருந்தது. எய்ட்ஸ் பயமும் வெறுப்பும் உச்சத்தில் இருந்த காலம். உள்ளூர் அதிகாரிகள் நீதிமன்றத் தடை வாங்கிவிட்டார்கள். குதிரைகளை ஏற்றிக்கொண்டு வெகுதூரம் வந்த போட்டியாளர்கள் ஆடாமலே திரும்பினார்கள்.

பிற்பாடு கிடைக்கும் நல்ல தீர்ப்பு அந்த வாரயிறுதியைத் திருப்பித் தராது. அதனால்தான் என் பார்வையில் சட்டப் புத்தகத்தைவிட வாடகை ஒப்பந்தம் முக்கியம். ஹோட்டல் தன் விருப்பத்துக்கு ரத்து செய்தால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும், அதற்கு மேல் நமக்கு ஏற்பட்ட செலவும் வர வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஹோட்டல்காரர் கொடுக்கும் அச்சடித்த ஒப்பந்தத்தில் வாடிக்கையாளர் ரத்து செய்தால் என்ன அபராதம் என்பது பத்திபத்தியாக இருக்கும், அவர் ரத்து செய்தால் என்ன என்பதுதான் இருக்காது. பாலீர்ப்பு, பாலின அடையாளம் காரணமாக விருந்தினர் எவருக்கும் பாகுபாடு காட்ட மாட்டோம் என்ற உறுதிமொழியையும் சேர்க்கச் சொல்லுங்கள். சட்டம் பாதுகாக்காத மாநிலத்தில்கூட ஒப்பந்தம் பாதுகாக்கும். மீறினால் அது ஒப்பந்த மீறல், சாதாரண உரிமையியல் வழக்கே போதும்.

அறைகள் விஷயத்தில் பல குழுக்கள் கையைச் சுட்டுக்கொள்கின்றன. கல்யாணத்துக்கு வெளியூர் உறவினருக்கென்று லாட்ஜில் மொத்தமாக அறை பிடிப்பது மாதிரி இங்கேயும் பிடிப்பார்கள். ஆனால் அதில் எண்பது, தொண்ணூறு விழுக்காடு நிரம்பாவிட்டால் மிச்சத்துக்குக் குழுவே பணம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லும். ரோடியோ நின்றால் அறைகள் காலியாகும், அபராதம் நடனக் குழுவின் தலையில் விழும். ரோடியோ நிற்பதற்குக் காரணம் வெறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, குதிரைகளுக்கு வரும் நோயே போதும். 2025 நவம்பரில் டெக்சஸ் வேக்கோ நகரில் நடந்த ரோடியோ போட்டியைத் தொடர்ந்து குதிரைகளுக்கு ஹெர்ப்பிஸ் தொற்று பரவி, பல மாநிலங்களில் நிகழ்ச்சிகள் ரத்தாயின. ‘இணை நிகழ்ச்சியான ரோடியோ நின்றால் அறை எண்ணிக்கையை அபராதமின்றிக் குறைக்கலாம்’ என்று ஒரு வரி கேட்டு வாங்குங்கள். கையெழுத்துக்கு முன்பு கேட்டால் தருவார்கள்.

இசைக்கும் உரிமம் வேண்டும். பாட்டைப் பணம் கொடுத்து வாங்கியிருந்தாலும் பொது இடத்தில் போட அது போதாது. ஹோட்டல் வைத்திருக்கும் உரிமம் உங்கள் விழாவுக்கும் செல்லுமா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஆஸ்கேப், பிஎம்ஐ போன்ற அமைப்புகளிடம் வாங்க வேண்டும். இதில் மாட்டினால் ஒரு பாட்டுக்கு 750 முதல் 30,000 டாலர் வரை இழப்பீடு விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஓர் இரவில் எத்தனை பாட்டு ஓடும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உடம்புக்கு வரும் ஆபத்தில் காளையை எல்லாரும் நினைப்பார்கள், தரையை நினைக்க மாட்டார்கள். ஹோட்டல் கம்பளத்தின் மேல் பலகைத் துண்டுகளைப் பொருத்திப் போடும் தற்காலிகத் தளத்தில் இணைப்பு விலகியிருந்தால் தோல் பூட்ஸ் மாட்டிக்கொள்ளும், முழங்கால் போகும். டூ ஸ்டெப் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றிவரும் ஆட்டம், ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவர்களும் விழுவார்கள். டென்வர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம். சமவெளியிலிருந்து வந்தவருக்கு அங்கே மூச்சு வாங்கும். ஜூலை மதியங்களில் இடியும் மின்னலும் வழக்கம். திடலை எப்போது காலி செய்வது என்று முடிவெடுக்கும் ஆள் யார் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கலந்துகொள்பவர் கையெழுத்திடும் பொறுப்புத் துறப்புப் படிவம் ஏற்பாட்டாளரை ஓரளவு காப்பாற்றும். குதிரை தொடர்பான காயங்களுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் தனிச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. கொலராடோவில் அதற்கென்று எச்சரிக்கைப் பலகை வைப்பதையே சட்டம் கேட்கிறது. ஆனால் அப்பட்டமான அலட்சியத்தை எந்தக் காகிதமும் மூடாது. காப்பீட்டு ஆவணத்தில் ‘விலங்குகளால் நேரும் காயம் நீங்கலாக’ என்ற வரி ஒளிந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

பாதுகாப்புக்குக் காவலர் வேண்டுமா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. 2022 நவம்பரில் அதே கொலராடோவில், கிளப் க்யூ என்ற பால்புதுமையினர் இரவு விடுதியில் ஒருவன் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். வெளியேறும் வழிகள் பூட்டப்படாமல் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு இரவும் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும்.

வெளியே தெரியாத இன்னோர் ஆபத்து புகைப்படம். ஆரம்ப காலத்தில் பல வீரர்கள் மாற்றுப் பெயரில் போட்டியிட்டார்கள், சொந்தப் பெயர் வெளியானால் வேலையும் வீடும் போகும் என்று. இன்றும் அப்படி இருப்பவர்கள் உண்டு. தன்னைப் படமெடுக்க வேண்டாம் என்பவருக்குத் தனி நிறத்தில் கழுத்து நாடா கொடுப்பது எளிய வழி. அங்கே வேலைபார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இது முக்கியம், டென்வரில் எடுத்த படம் திண்டுக்கல்லில் இருக்கும் பெரியப்பாவின் வாட்ஸ்அப்புக்கு வர ஒரு நிமிடம் போதும். அவர்களுக்கு இன்னொன்றும். எச்1பி விசாவில் இருப்பவர் நடனமாடலாம், போட்டியிடலாம். ஆனால் வகுப்பெடுத்துப் பணம் வாங்கினால் அது அனுமதியில்லாத வேலை, விசாவுக்கே வினையாகும்.

இவ்வளவுக்குப் பிறகும் மறுப்பு வந்தால் முதல் வேலை அதை எழுத்தில் வாங்குவது. தொலைபேசியில் சொன்னார்கள் என்றால், ‘நீங்கள் இன்று சொன்னது இது’ என்று அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மறுத்தது கவுண்டி என்றால் மத்திய நீதிமன்றத்தில் குடிமை உரிமை மீறல் வழக்குப் போட்டு, நிகழ்ச்சி நாளுக்கு முன்பே இடைக்கால உத்தரவு கேட்கலாம். ஏசிஎல்யு, லாம்டா லீகல் போன்ற அமைப்புகள் இத்தகைய வழக்குகளை எடுத்துப் பழகியவை. தாக்குதல் என்றால் உள்ளூர் போலீசோடு நில்லாமல் எஃப்பிஐக்கும் போகலாம். 2009ஆம் ஆண்டு வெறுப்புக் குற்றச் சட்டம் பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் உள்ளடக்கியது. மறுத்தது தனியார் என்றால் மாநிலக் குடிமை உரிமை அலுவலகம்தான் வழி. கொலராடோவில் பொது இடப் பாகுபாட்டுக்குப் புகார் தர 60 நாள்தான் அவகாசம். விழா முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் விட்டுவிடுவார்கள். மார்ச்சில் ஹோட்டல் மறுத்து, ஜூலையில் வேறிடத்தில் விழாவை நடத்தி முடித்துவிட்டுப் போய் நின்றால் புகாரை வாங்க மாட்டார்கள். அந்த 60 நாள் மறுத்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது.