ஒட்டிக்கொண்ட லென்சை விடுவிப்பது எப்படி?

கண்ணுக்குத் தெரியாத உலகத்தை மனிதனுக்குக் காட்டிய கருவி நுண்ணோக்கி. 1665ஆம் ஆண்டில் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் சிறு சிறு அறைகளைக் கண்டு, அவற்றிற்குச் ‘செல்’ என்று பெயரிட்டதை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். நம் கண்ணுக்கு உதவும் அந்தக் கருவிக்கே நோய் வந்தால் என்ன செய்வது? நம் ஆய்வுக்கூடத்துப் பழைய பித்தளை நுண்ணோக்கிக்கு வந்த நோயையும், அதற்கு நாங்கள் செய்த மருத்துவத்தையும் தோழியருக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த நுண்ணோக்கியில் இரண்டு பொருளருகு லென்சுகள் உள்ளன. ஒன்று 10 மடங்கும், மற்றொன்று 45 மடங்கும் பெரிதாக்கும். கண்ணருகு லென்சு 10 மடங்கு பெரிதாக்குவதால், பெரிய லென்சின் வழியே ஒரு பொருளை 450 மடங்காகக் காணலாம். இந்தப் பெரிய லென்சின் உட்புறத்தில் பூஞ்சை படர்ந்துவிட்டது. ஈரக் காற்று வீசும் கடலோர ஊர்களில் கண்ணாடியின் மீதும் பூஞ்சை சிலந்தி வலைபோல் வளரும். அது சுரக்கும் அமிலம் நாளடைவில் கண்ணாடியையே அரித்துவிடும். அந்த வடு பிறகு மறையாது. ஆகவே லென்சைக் கழற்றித் துடைப்பதற்கு இனியும் காலந்தாழ்த்த இயலாது. ஆனால் லென்சோ இம்மியும் அசையவில்லை! “இதையும் கழற்ற முடியாவிட்டால் பழைய பித்தளை விலைக்குத்தான் போடவேண்டும்” என்று அறிவியல் சகோதரி அவர்கள் வருத்தத்துடன் கூறினார்கள்.

லென்சு ஏன் ஒட்டிக்கொள்கிறது? மரையில் தடவிய கொழுப்பு மசகு பல ஆண்டுகளில் காய்ந்து அரக்குப்போல் இறுகிவிடுகிறது. பித்தளையில் பச்சைக் களிம்பு பிடித்து இடைவெளியை அடைக்கிறது. யாரேனும் அளவுக்கு மீறித் திருகியிருந்தாலும் மரை இறுகும். லென்சின் மரை மிகவும் நுண்ணியது. ஓர் அங்குலத்திற்கு 36 சுற்றுகள் உண்டு. 1858ஆம் ஆண்டில் லண்டன் நுண்ணோக்கிச் சங்கத்தார் வகுத்த இந்த அளவையே பல நாட்டாரும் பின்பற்றினர். அதனால்தான் ஒரு நாட்டில் செய்த லென்சு மற்றொரு நாட்டுக் குழாயிலும் பொருந்துகிறது. இந்த மரை ஒருமுறை சிதைந்தால் வேறு எந்த லென்சும் அதில் சரியாக உட்காராது.

எனவே குறட்டை எடுத்து வலிந்து திருகுவது கூடாது. காரணம் உண்டு. லென்சின் உறை மெல்லிய பித்தளைக் குழாய். இரு பக்கமும் அழுத்தினால் வட்டம் நசுங்கி முட்டை வடிவாகும். மரை முன்னிலும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். உள்ளேயிருக்கும் கண்ணாடியும் விரிசல் விடலாம்.

நாங்கள் செய்த முறையைப் படிப்படியாகக் கூறுகிறோம்.

முதலாவது, பெருந்திருகை முழுவதும் மேலேற்றி, குழாயைத் தனியே எடுத்தோம். குழாய் நுண்ணோக்கியிலேயே இருக்கும்போது திருகினால், அந்த விசையெல்லாம் நுண்திருகின் சிறிய பற்களின்மேல் விழும்.

இரண்டாவது, இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கிய உலர்ந்த துணியை லென்சைத் தாங்கும் சுழல் தட்டின்மேல் சுற்றினோம். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள பித்தளை வளையத்தை 30 டிகிரி சூடேற்றினால், விட்டம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் கூடும். அதைவிடப் பெரிய பயன், இறுகிய மசகு இளகுவதாகும். கை பொறுக்கும் சூடே போதும். பழைய லென்சுகளில் இரு கண்ணாடிகளைக் கனடா பால்சம் என்னும் மரப்பிசினால் ஒட்டியிருப்பார்கள். மிகுந்த சூட்டில் அதுவும் இளகிவிடும். நெருப்பைக் காட்டவே கூடாது.

மூன்றாவது, நன்றாக ஆறிய பிறகு குழாயைத் தலைகீழாக நிறுத்தி, குண்டூசி முனையால் ஒரே ஒரு துளி மண்ணெண்ணெயை மரையின் விளிம்பில் வைத்தோம். இந்நிலையில் லென்சு மேலேயும் மரை கீழேயும் இருப்பதால், கசியும் எண்ணெய் கண்ணாடியை நோக்கி ஏறாது. மண்ணெண்ணெய் வைத்தபின் சூட்டை அருகில் கொண்டுவரலாகாது. அன்றிரவு முழுவதும் அப்படியே விட்டுவைத்தோம்.

நான்காவது, மறுநாள் பழைய சைக்கிள் டியூபின் ஒரு துண்டை லென்சின் சொரசொரப்பான வளையத்தைச் சுற்றிப் பற்றினோம். ரப்பர் சுற்றிலும் ஒரே அளவாகப் பிடிப்பதால் குழாய் நசுங்குவதில்லை. ஒருத்தி சுழல் தட்டை அசையாமல் பிடிக்க, மற்றொருத்தி திருகினாள். எந்தப் பக்கம் திருகுவது? லென்சின் முனையை நேராகப் பார்த்தபடி இடஞ்சுழியாகத் திருகவேண்டும். கண்ணருகு லென்சின் பக்கமிருந்து பார்த்தால் அதுவே வலஞ்சுழியாகத் தோன்றும். இதை மறந்து திருகுவோர், கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்கிவிடுவர்!

முதல் இரண்டு முறையும் அசையவில்லை. மண்ணெண்ணெய் மீண்டும் ஒரு துளி, மீண்டும் ஓரிரவு. மூன்றாம் நாள் ‘கிரீச்’ என்ற சிறு ஒலி, லென்சு நகர்ந்தது. ஆய்வுக்கூட அக்காவும் எங்களோடு சேர்ந்து கைதட்டினார்கள். சகோதரி அவர்கள் லென்சுத் தாளில் சிறிது ஆல்கஹால் தொட்டுப் பூஞ்சையைத் துடைத்தார்கள். ஓரத்தில் ஒரு சிறு வடு நின்றுவிட்டது. ஆயினும் அன்று மாலை வெங்காயத் தோலின் செல்களில் உட்கருவைத் தெளிவாகக் கண்டோம். பித்தளை விலைக்குப் போகவிருந்த கருவி மீண்டும் மேசைக்கு வந்தது.

இனி இந்த நோய் வராமல் காப்பது நம் கையில் இருக்கிறது. லென்சை விரல் நுனியால் மட்டும் திருகி, தடைபட்டவுடன் நிறுத்துங்கள். வீட்டுப் பாத்திரத்தைப் போலப் புளியால் துலக்காதீர்கள். அதன் அமிலம் மேற்பூச்சை அழித்து மரைக்குள் இறங்கும். மழைக்காலத்தில் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை ஒன்றை வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை லென்சுகளைக் கழற்றி மாட்டினால் அவை ஒட்டிக்கொள்ளா.

முரட்டுக் கை ஒரு நொடியில் உடைத்துவிடக்கூடியதை, ஒரு துளி எண்ணெயும் இரண்டு இரவுப் பொறுமையும் காத்துக் கொடுத்தன. அடுத்த ஆண்டு இந்த நுண்ணோக்கியைத் தொடப்போகும் ஒன்பதாம் வகுப்புத் தங்கையரே, அதை உங்களிடம் ஒப்படைக்கிறோம்!

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு