சொடுக்குப் போட்டு வழி தேடும் குருவி

மூவாரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “எதிர்க் கடைவீட்டு மேல்மாடியில் ஆள் குடியில்லை. ஆனால் விடிந்தால் போதும், கீச்சுக் கீச்சென்று சத்தம். உள்ளே எத்தனை குருவிதான் இருக்கும், ஐயா?”

அம்மா, நீங்கள் கேட்பது பெரும்பாலும் ஒலிபெருக்கியின் சத்தம். சூப்புக்கு விற்கும் கூட்டுக்காக வாலிட் குருவியை உள்ளே இழுக்க, அதன் குரலையே பதிவுசெய்து போடுகிறார்கள். வெளியே கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவற்றை வாலிட் என்று நினைத்துவிடாதீர்கள், அவை தகைவிலான்கள். வாலிட்டோ உழவாரன் குடும்பம். கம்பியில் உட்காரவே உட்காராது. அதன் குட்டைக் கால்கள் சுவரைப் பற்றித் தொங்கத்தான் லாயக்கு. பகலெல்லாம் பறந்தபடியே ஈசலும் சிறு பூச்சிகளும் பிடித்துத் தின்னும்.

எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. சிறுவயதில் தோட்டத்துச் சாலைக்கு அடியில் இருந்த மதகுக் குழாய்க்குள் நுழைந்து கை தட்டிப் பார்ப்போம். எதிரொலி உடனே திரும்பினால் அடைப்பு பக்கத்தில். தாமதித்தால் வழி இருக்கிறது. வாலிட்டும் கும்மிருட்டில் இதையேதான் செய்கிறது. ‘டிக் டிக்’கென்று சொடுக்குப் போட்டு, எதிரொலியைக் கேட்டுச் சுவரையும் கூட்டையும் கண்டுகொள்கிறது. வௌவால் வழி தேட எழுப்பும் ஒலி பெரும்பாலும் நம் காதுக்கு எட்டாது. இதன் சொடுக்கு நமக்கே கேட்கும். பறவைகளில் இந்த வித்தை தெரிந்தவை வாலிட் இனங்கள் சிலவும் தென் அமெரிக்காவின் எண்ணெய்ப் பறவையும்தான். வெளிச்சத்துக்கு வந்ததும் சொடுக்கு நின்றுவிடும். பூச்சி பிடிப்பது கண்ணால்.

பார்க்க வேண்டுமா? மாலை ஏழு மணிவாக்கில் மூவார் ஆற்றங்கரையில் நின்று பழைய கடைவீடுகளின் மேல் அண்ணாந்து பாருங்கள். வாலிட்டின் இன்னொரு உறவினரைப் பார்க்கக் கோத்தா திங்கியைத் தாண்டி பந்தி காட்டுக்குப் போங்கள். அங்கே பின்புறம் வெள்ளையாக மின்னும் முள்வால் உழவாரன், பறந்துகொண்டே தண்ணீரில் வாய் வைத்துக் குடிக்கும். கண் இமைத்தால் போய்விடும்.

ஒரு வார்த்தை. நாம் விலைகொடுத்துக் குடிக்கும் பறவைக் கூடு சூப், இந்தக் குருவி தன் எச்சிலால் ஒரு மாதத்துக்கு மேல் இழை இழையாகக் கட்டிய வீடு. அதில் இடுவது இரண்டே முட்டை. குஞ்சு பறக்கும்வரை பொறுத்துக் கூடெடுப்பவர்களும் இருக்கிறார்கள், பொறுக்காதவர்களும் இருக்கிறார்கள். அடுத்த முறை வாங்கும்போது, “குஞ்சு பறந்த கூடா?” என்று கடைக்காரரிடம் கேளுங்கள். வாங்குகிறவர் கேட்டால்தான் எடுக்கிறவர் பொறுப்பார்.